இடி விழுந்த காடும் எரிய விட்ட நெருப்பும்

நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பார்கள். வாய் வேகாது; ஆனால் என்னைப் போன்ற காகித வியாபாரிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். 1996ஆம் ஆண்டு கோடையில், புனேயில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கு ஓர் இரவில் எரிந்து போனது. பழைய மின்கம்பியிலிருந்து ஒரு பொறி. விடியும்போது பாதிச் சரக்கு சாம்பல். மீதிப் பாதி தண்ணீரில் ஊறிய கூழ். தீயணைக்க வந்த அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "சேட்ஜி, பொறி எங்கே வேணும்னாலும் விழும். இவ்வளவு எரிஞ்சதுக்குப் பொறி காரணமில்லே. நடைவழியில ஆறு வருஷமா அடுக்கி வெச்சிருக்கீங்களே, அந்தக் கழிவு அட்டைதான் காரணம்."

அப்போது அந்த வார்த்தை எனக்குக் கசந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து ஒரு மலையுச்சியில் நின்றபோதுதான் அதன் முழுப் பொருளும் விளங்கியது. அந்தக் கதையைத்தான் இம்மலரில் நம் சங்கக் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் கல்லூரி வாசல் மிதித்தவனல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979இல் புனே வந்து, கடையில் கணக்கு எழுதிக்கொண்டே படித்தவன். படித்ததையும் பார்த்ததையும் எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

2016இல் மகளைப் பார்க்கக் கலிபோர்னியா போயிருந்தோம். மாப்பிள்ளை எங்களை யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். சியரா நெவாடா என்னும் மலைத்தொடரில் இருக்கிறது அது. கிளேசியர் பாயிண்ட் என்ற முனையில் நின்றால் நேர் எதிரே பாதியாக அறுத்த கோபுரம் போல ஒரு பெரும்பாறை. அதைப் பார்க்கத்தான் கூட்டம். ஆனால் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் இல்லிலூவெட் என்ற ஓடை பாயும் அகன்ற மலைக்காடு தெரியும். அந்தக் காடு ஒரே பச்சையாக இல்லை. ஓரிடத்தில் அடர்ந்த மரம், அடுத்தாற்போல் புதர், அப்புறம் புல்வெளி, நடுவே கரிந்த பட்ட மரங்கள். கிழிந்த புடவைக்கு ஒட்டுப் போட்டது போலிருந்தது.

"என்னம்மா இது, காடு இப்படிப் பாழாய்ப் போயிருக்கே?" என்று மகளிடம் கேட்டேன். பக்கத்தில் நின்ற வனக்காவல் அம்மையாரிடம் அவள் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அந்த அம்மையார் சிரித்தார். "பாழாகவில்லை ஐயா. இந்த மலைத்தொடரிலேயே நல்ல உடல்நிலையோடு இருக்கும் காடுகளில் இது ஒன்று. இடி விழுந்து தீப்பிடித்தால் இங்கே பெரும்பாலும் அணைப்பதில்லை. 1972 முதல் அப்படித்தான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரசாங்கமே காடு எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா? அன்று தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

மின்னல் எப்படித் தீ மூட்டுகிறது?

நம் ஊரில் இடி என்றால் கூடவே மழையும் வரும். தென்னை மரத்தில் இடி விழுந்து கொண்டை எரிந்தாலும், கொட்டுகிற மழையில் அது அணைந்துவிடும். கலிபோர்னியா மலைகளின் பருவம் வேறு. அங்கே மழையும் பனியும் குளிர்காலத்தில். கோடை முழுக்க வறட்சி. கோடையின் நடுவிலும் கடைசியிலும் இடிமேகங்கள் கூடும்போது, மேகத்திலிருந்து இறங்கும் மழை வறண்ட காற்றிலேயே ஆவியாகி, தரையைத் தொடாமல் போய்விடுவதுண்டு. மின்னல் மட்டும் இறங்கும். இதை 'உலர் இடி' என்று சொல்லலாம்.

மின்னல் பாயும் பாதையின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆனால் பெரும்பாலான மின்னல்கள் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் மரத்தைப் பிளந்துவிட்டு ஓய்ந்துவிடும். சற்று நீடித்து ஓடும் மின்னோட்டம்தான் அதிகமாகத் தீ மூட்டுகிறது. அதுவும் உடனே சுவாலையாக எழும்ப வேண்டும் என்பதில்லை. மரத்தின் உட்பொந்திலோ, அடியில் மக்கிக் கிடக்கும் சருகு மெத்தையிலோ புகுந்து, நாள் கணக்காக, சில வேளை வாரக் கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இதுதான். ஒரு நாள் வெயில் ஏறி, காற்று வீசினால் எழுந்துகொள்ளும். ஆகவே இடி இடித்து ஓய்ந்த பிறகும் காவல் கோபுரம், விமானம், செயற்கைக்கோள், மின்னல் விழுந்த இடத்தைக் குறிக்கும் கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு அந்த மலைகளைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பத்து மணிக் கட்டளை

அமெரிக்கர்கள் முதலிலேயே இவ்வளவு நிதானமாக இருந்தவர்கள் அல்லர். அவர்களுடைய வனத்துறை 1905இல் உருவானது. ஐந்தே ஆண்டுகளில், 1910 ஆகஸ்டு 20, 21 ஆகிய இரு நாட்களில், ஐடஹோ, மொன்டானா மாநில மலைகளில் பெருங்காற்று கிளம்பி, ஏற்கெனவே ஆங்காங்கே எரிந்துகொண்டிருந்த தீக்களை ஒன்றாக்கியது. சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. தீயணைக்கப் போனவர்கள் உட்பட 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் தம்மோடு இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று, வாசலில் தாமே நின்று, பெரும்பாலோரைக் காப்பாற்றினார். கோடாலியும் மண்கொத்தியும் ஒரே காம்பில் இருக்கும் கருவி ஒன்று இன்றும் அவர் பெயரால் 'புலாஸ்கி' என்று அழைக்கப்படுகிறது. காட்டுத்தீ அணைப்போர் பலர் கையிலும் அது உண்டு.

அந்த அடி வனத்துறையின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தீ என்றால் எதிரி. கண்ட இடத்தில் கொல் என்பதே கொள்கையாயிற்று. 1935இல் 'பத்து மணிக் கட்டளை' வந்தது. இன்று கண்ட தீயை நாளைக் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும். முடியாவிட்டால் அதற்கு மறுநாள் பத்து மணிக்குள். மனிதன் வைத்த தீயா, இடி வைத்த தீயா என்ற பேதமே கிடையாது. பிறகு விமானம் வந்தது, பாராசூட்டில் குதிக்கும் தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், தொப்பி போட்ட கரடிப் படத்தோடு விளம்பரங்கள் வந்தன. அணைக்கும் திறமையில் அவர்கள் உச்சத்துக்கே போனார்கள்.

அந்தத் திறமைதான் பிறகு வினையாகவும் முடிந்தது.

மரங்கள் சொன்ன சாட்சி

சியரா மலைகளில் ராட்சத செக்குவோயா என்ற மரம் உண்டு. உலகில் அடிமரத்தின் கன அளவில் அதை மிஞ்ச மரமில்லை; இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டு வாழும். 1960களில் ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தோப்புகளுக்குள் போய்ப் பார்த்தபோது, கிழ மரங்கள் இருந்தன. குஞ்சும் குருமானுமாக இளங்கன்றுகளை மட்டும் காணோம். வீட்டில் தாத்தா பாட்டி மட்டுமிருந்து, பேரப்பிள்ளைகளே இல்லாமற்போனது போல.

காரணம் தேடினார்கள். அந்த மரத்தின் காய் பச்சையாகவே மூடியபடி இருபது ஆண்டு வரைகூடக் கிளையில் தொங்கும். அடியில் தீ எரிந்து வெப்பம் மேலேறினால்தான் காய்கள் உலர்ந்து வாய் திறந்து விதைகளை ஏராளமாகக் கொட்டும். அந்த விதையும் சருகு மெத்தையில் முளைக்காது. சருகு எரிந்து வெறும் மண் தெரிகிற இடத்தில்தான் வேர் பிடிக்கும். மேலே நிழல் விலகி வெயிலும் வேண்டும். தீ மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடுகிறது. தாய் மரத்தின் பட்டையோ இரண்டு அடி வரை தடிமன். சாதாரணத் தரைத்தீ அதை ஒன்றும் செய்யாது.

இன்னொரு சாட்சி மரத்தின் வளையங்கள். ஆண்டுக்கொரு வளையமாக மரம் பருக்கும் என்பது நமக்குத் தெரியும். தீ சுட்ட ஆண்டில் அந்த வளையத்தில் ஒரு தழும்பு விழும். அந்தத் தழும்புகளை எண்ணிப் பார்த்தபோது, இந்தக் காடுகளின் பல பகுதிகளில் பழங்காலத்தில் ஒரு தலைமுறைக்குள்ளேயே சிறு தீ பலமுறை வந்து போயிருப்பது தெரிந்தது. சில தீ இடியால் வந்தது. சில அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் புல்லுக்காகவும் உணவுச் செடிகளுக்காகவும் வேண்டுமென்றே வைத்தது. தீ நின்றுபோனது வெள்ளைக்காரர் குடியேறி, பழங்குடிகளை விரட்டி, அணைக்கும் கொள்கை வந்த பிறகுதான்.

தீ வராத எழுபது, எண்பது ஆண்டுகளில் என்ன ஆயிற்று? பெரிய மரங்களுக்கு அடியில் நிழல் தாங்கும் சிறு மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்தன. சருகும் சுள்ளியும் விழுந்த கட்டைகளும் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன. முன்பெல்லாம் தரையோடு ஓடிய தீ, இப்போது சிறு மரங்களை ஏணியாக்கி உச்சிக்கு ஏறத் தொடங்கியது. உச்சிக்கு ஏறிய தீயை யாராலும் நிறுத்த முடியாது. என் கிடங்கின் நடைவழியை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் அணைத்த தீ, அடைத்த கடனல்ல. தள்ளிப் போட்ட கடன். வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

1963இல் ஸ்டார்க்கர் லியோபோல்டு தலைமையிலான குழு, பூங்காக்களில் இயற்கையின் போக்குக்கு மீண்டும் இடம் தர வேண்டும் என்று அறிக்கை தந்தது. 1968இல் தேசியப் பூங்காத் துறை தன் கொள்கையை மாற்றியது. செக்குவோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களில் உயர்ந்த மலைப்பகுதியில் இடித்தீயை எரியவிடத் தொடங்கினார்கள். யோசெமிட்டியின் இல்லிலூவெட் 1972இல் சேர்ந்தது. வனத்துறை தன் பத்து மணிக் கட்டளையை 1978இல் கைவிட்டது.

இல்லிலூவெட் சொல்லும் பாடம்

சுமார் 150 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள இந்த வடிநிலத்தில் அரை நூற்றாண்டாக இடித்தீக்கள் வந்து போகின்றன. பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தீயே தீக்கு வேலி ஆகிறது. பழைய தீ எரிந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுக்குள் பக்கத்தில் புதுத் தீ வந்தால், அது பழைய இடத்துக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. எரிவதற்கு அங்கே போதிய சருகு இல்லை. ஆகவே ஒவ்வொரு தீயும் அடுத்ததன் அளவைக் குறுக்கிவிடுகிறது. நான் கண்ட அந்த ஒட்டுப்போட்ட தோற்றம்தான் காட்டின் பாதுகாப்பு.

இரண்டாவது, தண்ணீர். மரம் அடர்ந்த பரப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்து, புல்வெளியும் புதரும் கூடின. மரம் குறைந்தால் தண்ணீர் வற்றும் என்றுதானே நினைப்போம்? அங்கே நேர்மாறு. மண்ணில் ஈரம் பல இடங்களில் கூடியது. ஓடையின் நீரோட்டம் குறையவில்லை. நெருக்கமான மரங்கள் உறிஞ்சிக் குடித்த நீரும், இலைகளில் தங்கி ஆவியான பனியும் இப்போது மண்ணுக்குக் கிடைக்கிறது.

மூன்றாவது, 2012 முதல் சில ஆண்டுகள் கலிபோர்னியாவில் கடும் பஞ்சம். சியரா மலைகளில் கோடிக்கணக்கான மரங்கள் தாகத்தாலும் பட்டை வண்டாலும் பட்டுப்போயின. இல்லிலூவெட்டில் அந்தச் சாவு மிகக் குறைவு. பந்தியில் இலை குறைவு. இருந்தவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு.

எரிய விடுவது என்றால் சும்மா இருப்பதா?

இல்லை. இங்கேதான் நம்மவர்கள் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அணைப்பதைவிட எரியவிடுவதற்கு அதிகக் கவனம் வேண்டும்.

ஒரு மரத்திலிருந்து புகை எழுவதைக் கண்டதும் அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் இவை. முதலில், இது இடியால் வந்ததா, மனிதனால் வந்ததா? மனிதன் மூட்டியது என்றால் அணைப்பதே முறை. அடுத்து, எந்த மாதம்? ஜூனில் வந்த தீக்கு முன்னால் மூன்று மாத வறட்சி காத்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் வந்தால் பனி விழும் நாள் பக்கத்தில். எங்கே விழுந்தது? சுற்றிலும் வெறும் பாறை, ஆறு, பழைய தீ எரிந்த தடம் உண்டா? காற்று எந்தப் பக்கம் வீசும்? கிராமமோ, பழைய கட்டடமோ, மலையேறுவோர் பாதையோ எவ்வளவு தூரம்? புகை எந்த ஊர் மேல் போய் இறங்கும்? வேறெங்காவது பெருந்தீ எரிந்து ஆட்களெல்லாம் அங்கே போயிருக்கிறார்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. கைவசம் ஆளில்லாதபோது எரிய விடுவது, கையில் ரொக்கமில்லாமல் கடன் கொடுப்பது போல.

விறகின் ஈரத்தையும் அளக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு எனக்கு மிகப் பிடித்தது. புல், ஊசியிலை போன்றவை காற்றின் ஈரத்துக்கேற்ப ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். அது 'ஒரு மணி விறகு'. விரல் பருமன் சுள்ளி 'பத்து மணி விறகு'. மணிக்கட்டுப் பருமன் 'நூறு மணி விறகு'. அதற்கும் பெரிய கட்டை 'ஆயிரம் மணி விறகு'. அது காய ஆறு வாரம் ஆகும். ஆயிரம் மணி விறகும் காய்ந்துவிட்டது என்றால் அந்த ஆண்டு விளையாட்டு வேண்டாம் என்று பொருள்.

பிறகும் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தீ இதற்கு அப்பால் போகக்கூடாது என்று வரைபடத்தில் ஓர் எல்லை போடுகிறார்கள். பாறையும் ஆறும் இல்லாத பக்கத்தில் சருகைச் சுரண்டி வெறும் மண் தெரியும்படி கோடு வெட்டுகிறார்கள். தேவைப்பட்டால் கோட்டின் உட்புறத்தில் தாங்களே சிறு தீ மூட்டி, வரும் தீக்கு இரையில்லாமல் செய்கிறார்கள். காவல் குடிசையைச் சுற்றித் துப்புரவு செய்கிறார்கள். ஒரு பக்கம் அணைத்து, மறுபக்கம் எரிய விடுவதும் உண்டு. முழுக்க அணைப்பது, ஓர் எல்லைக்குள் அடைப்பது, குறிப்பிட்ட பொருளை மட்டும் காப்பது, கண்காணிப்பது என்று இவற்றுக்கிடையே நாளுக்கு நாள் முடிவு மாறும்.

'அணைத்துவிட்டால் போச்சு' என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அணைப்பதற்கும் விலை உண்டு. 1994 ஜூலையில் கொலராடோவில் இடியால் வந்த ஒரு தீயை அணைக்கப் போய் 14 பேர் மலைச்சரிவில் மாட்டிக்கொண்டு இறந்தார்கள். 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலையில், அதுவும் இடித்தீதான், 19 பேர். செங்குத்தான மலையில், யாரும் வசிக்காத காட்டில் எரியும் தீக்காக இளைஞர்களை அனுப்பலாமா என்பது தருமசங்கடமான கேள்வி.

கணக்குத் தப்பிய இடங்கள்

வியாபாரி லாபத்தை மட்டும் எழுதி நட்டத்தை மறைத்தால் அது பேரேடு ஆகாது. எரிய விட்டு ஏமாந்த கதைகளையும் சொல்ல வேண்டும்.

யெல்லோஸ்டோன் பூங்காவில் 1972 முதல் இடித்தீக்களை எரியவிட்டு வந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலானவை தாமாகவே சிறிதாக அணைந்தன. 1988 கோடை அவ்வாறு இல்லை. ஜூலை 21 முதல் எல்லாவற்றையும் அணைப்பது என்று தீர்மானித்தும் கைமீறிவிட்டது. பூங்காவுக்குள் மட்டும் சுமார் 7,94,000 ஏக்கரில், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தீ ஓடியது. அந்தப் பருவத்தில் சுமார் 25,000 பேர் போராடினார்கள். செலவு 12 கோடி டாலர். கடைசியில் தீயை மடக்கியது செப்டம்பர் 11 அன்று விழுந்த மழையும் பனியும்தான். அந்த ஆண்டின் மிகப்பெரிய தீ இடியால் வந்ததல்ல. விறகு வெட்டப் போனவர் போட்ட சிகரெட்டால் வந்தது, முதல் நாளிலிருந்தே அணைக்கப் போராடிய தீ. ஆனால் பழி முழுவதும் 'எரிய விட்ட கொள்கை'மேல் விழுந்தது. அங்குள்ள ஒருவகைப் பைன் மரத்தின் காயும் தீயில்தான் வாய் திறக்கும். எரிந்த இடங்களில் அடுத்த ஆண்டே கன்றுகள் எழுந்தன.

2021 ஜூலை 4 அன்று சியராவில் ஒரு மரத்தில் இடி விழுந்தது. கால் ஏக்கர் தீ. சுற்றிலும் பாறை, ஆட்களும் வேறிடங்களில் தேவைப்பட்டார்கள். கண்காணிப்பதோடு விட்டார்கள். ஜூலை 16 அன்று காற்று எழும்ப, டாமராக் தீ என்று பெயர்பெற்ற அது 68,000 ஏக்கருக்கு மேல் தின்று, வீடுகளையும் எரித்தது. அடுத்த மாதமே வனத்துறைத் தலைவர், அந்தப் பருவத்துக்கு இனி எரிய விடுதல் வேண்டாம் என்று உத்தரவிட்டார்.

2025இல் அதைவிட மனம் நோகும் சம்பவம். கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் வடகரையில் ஜூலை 4 அன்றே ஓர் இடித்தீ. எல்லைக்குள் அடைத்து எரியவிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஒரு வாரத்தில் காற்று திசைமாறி வலுத்தது. விளிம்பில் நின்ற புகழ்பெற்ற பழைய விடுதியும் பல கட்டடங்களும் சாம்பலாயின. மொத்தம் 1,45,000 ஏக்கர் அளவுக்குப் போய்தான் அடங்கியது.

எதிர்ப்பக்கத்துப் பாடமும் அதே ஆண்டுகளில் கிடைத்தது. 2020 ஆகஸ்டு நடுவில் கலிபோர்னியாவில் மூன்று நாளில் ஆயிரக்கணக்கான உலர் இடிகள் விழுந்து நூற்றுக்கணக்கான தீக்கள் மூண்டன. அவற்றுள் சில ஒன்றுசேர்ந்த ஒரு தீ மட்டும் பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டியது. இவை யாரும் எரிய விட்டவை அல்ல, அணைக்க முடியாதவை. செப்டம்பர் 9 அன்று என் மகள் வீடியோவில் சன்னலைக் காட்டினாள். காலைப் பத்து மணிக்கு வானம் காவி நிறம், விளக்கு போட்டிருந்தார்கள். பேத்திக்கு இளைப்பு. "வெளியே விடலேப்பா, ரெண்டு வாரமா வீட்டுக்குள்ளேயே இருக்கா" என்றாள். நான் பூனாவில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்? ஆவி பிடிக்கச் சொல் என்றேன்.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இடியால் மூண்ட பெருந்தீக்களில், உலகிலுள்ள பெரிய செக்குவோயா மரங்களில் நூற்றுக்குப் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை மாண்டன என்று பூங்காத் துறை கணக்கிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தீயோடு வாழ்ந்த மரங்கள்! நூறாண்டு சேர்ந்த விறகும், வெப்பமடைந்த பருவநிலையும் சேர்ந்து தரைத்தீயை உச்சித்தீயாக்கிவிட்டன. சரியான முறையில் முன்பே சிறு தீ ஓடியிருந்த தோப்புகள் பல தப்பின.

நம் நாட்டுக்கு இது பொருந்துமா?

இதைப் படித்துவிட்டு யாரும் நம் மலைக்காட்டை எரிய விடலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தியாவில் காட்டுத்தீயின் காரணம் ஏறக்குறைய எல்லாமே மனிதன்தான். இடியால் வருவது அரிது. நம் இடி மழையோடு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகள் தீயைப் பழகாதவை. அங்கே தீ கேடு மட்டுமே. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் தீயில் சிக்கி இறந்ததை நாம் மறக்கவில்லை.

ஆனாலும் இலையுதிர் காடுகளின் கதை வேறு. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், கோடை முற்றுமுன் சருகுக்கு மட்டும் சிறு தீ வைக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். 1970களில் சரணாலயம் வந்ததும் அது தடைப்பட்டது. அதன் பிறகு உண்ணிச்செடி பெருகிவிட்டது, நெல்லி மரத்தில் புல்லுருவி கூடிவிட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். எந்தக் காடு, எந்த மாதம், எவ்வளவு தீ என்பதை அந்தந்தக் காட்டைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். எங்கள் சமண மரபில் இல்லறத்தார் செய்யக்கூடாத தொழில்கள் என்று சில சொல்லப்பட்டுள்ளன. காட்டுக்குத் தீ வைப்பது அவற்றுள் ஒன்று. தீயையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்றும், மூட்டுவதிலும் அணைப்பதிலும் இரண்டிலும் உயிர்க்கேடு உண்டென்றும் பெரியவர்கள் சொல்வார்கள். சிறுவயதில், 'அப்படியானால் என்னதான் செய்வது?' என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். "பாத்து நடந்துக்கோடா, அவ்வளவுதான்" என்பாள். அது பதிலாக எனக்குப் படவில்லை. கிளேசியர் பாயிண்டிலிருந்து திரும்பிய பிறகு படுகிறது. அந்த வனக்காவலர்கள் தாமாக அந்தக் காட்டுக்குத் தீ வைக்கவில்லை. வந்த தீயைக் கண்மூடித்தனமாகக் கொல்லவுமில்லை. இரவும் பகலும் அதன் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்கள். சில வேளை தவறுகிறார்கள். தவறினால் அதன் விலை பெரிது. ஆனாலும் எல்லாத் தீயையும் அணைத்துவிடுவோம் என்ற பழைய உறுதியின் விலை அதைவிடப் பெரிதாக இருந்தது.

நான் ஊர் திரும்பியதும் முதலில் செய்த வேலை, கிடங்கு நடைவழியைக் காலி செய்தது. மறுபடியும் அங்கே அட்டை சேர்ந்திருந்தது. இப்போது மாதக் கடைசி சனிக்கிழமை தோறும் பையன்கள் கழிவை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். வாசகர்களில் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்று கடை சாத்துமுன் நடைவழியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.